விதைநெல்லும் சோறும்



வானொலிக்கும் மைசூரு நகருக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. இந்நகரின் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய டாக்டர் எம். வி. கோபாலசுவாமி அவர்கள், 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறிய ஒலிபரப்பியை நிறுவி நிகழ்ச்சிகளை வழங்கத் தொடங்கினார். அந்த நிலையத்திற்கு 'ஆகாசவாணி' என்று பெயர். பிற்காலத்தில் இந்திய வானொலியே அப்பெயரை ஏற்றுக்கொண்டது. பிறர் செய்து தருவார் எனக் காத்திராமல், கருவியைத் தம் கைவசப்படுத்திக்கொண்ட ஓர் ஆசிரியரின் ஊக்கமே அதற்கு அடிப்படை. இன்று நாம் ஆராயவிருப்பதும் அவ்வூக்கத்தைச் சார்ந்ததே. ஆனால் நம் பொருள் ஒலிபரப்பும் கருவியன்று, கேட்கும் கருவி.

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்குத் தாய்மொழியை நாள்தோறும் காதில் சேர்ப்பது வானொலி. முன்னாளில் மைசூருவில் வாழ்ந்த தமிழர், பொழுது சாய்ந்தபின் மத்திய அலைவரிசையில் முள்ளை மெல்லத் திருப்பித் திருச்சியையோ சென்னையையோ தேடுவர். இரவில் அவ்வலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைவூர்களை அடையும் ஆதலின், பகலில் கேளாத குரல் இரவில் கேட்கும். இப்பொழுதோ, இந்திய வானொலியின் தமிழ் நிலையங்கள் பல இணையத்தின் வழியாகவும் கிடைக்கின்றன. மைசூருவிலும் கேட்கலாம், கொல்கத்தாவிலும் கேட்கலாம். பகல், இரவு என்ற வேறுபாடு இல்லை.

கைப்பேசியில் கேட்கலாமே என்று இளைஞர் கூறுவர். ஆனால் எழுபது வயதைக் கடந்த பாட்டிக்குக் கைப்பேசித் திரையைத் தடவி நிலையம் தேடுவது எளிதன்று. அவருக்கு வேண்டுவது ஒரு பெட்டி. அதில் ஒரு திருகு. திருகினால் ஒரு குரல். இத்தகைய இணைய வானொலிப் பெட்டிகள் கடைகளில் விற்கப்படுவதும் உண்டு. ஆயினும் அவற்றில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் 'ரெசிவா' என்னும் ஒரு சேவை நிறுத்தப்பட்டது. உலகின் வானொலி நிலையங்களின் இணைய முகவரிகளைத் திரட்டிப் பெட்டிகளுக்கு வழங்கிவந்த சேவை அது. அச்சேவையையே நம்பி வடிக்கப்பட்ட பெட்டிகள், ஒலிபெருக்கி பழுதுபடாமலும் மின்னுறுப்புகள் கெடாமலும் இருக்க, நிலையங்களைத் தேடித் தரும் ஆற்றலை இழந்தன. உடல் நலமாக இருந்தது. உயிர்தான் வேறொருவர் கையில் இருந்தது.

அந்த உயிர் எது? பெட்டிக்குள் ஒரு சிறிய சுற்றுப்பலகை இருக்கிறது. அதில் ஒரு நுண்செயலியும், சிறிது நினைவகமும், மின்சாரம் போனாலும் அழியாத நிலைநினைவகமும் உள்ளன. அந்த நிலைநினைவகத்தில் பதிந்து, பெட்டியைத் தொடக்கம் முதல் இயக்கும் நிரலைப் பொறியாளர் 'ஃபர்ம்வேர்' என வழங்குவர். இணைய இணைப்பைப் பகிரும் ரவுட்டர், தொலைக்காட்சிப் பெட்டி, வாயிலில் பொருத்தும் கண்காணிப்புக் கேமரா ஆகிய எல்லாவற்றிலும் ஃபர்ம்வேர் உண்டு. அவற்றுள் மிகப் பலவற்றின் உள்ளே இயங்குவது லினக்ஸ்.

நிரலுக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. மனிதன் எழுதிப் படிக்கத்தக்க வடிவம் ஒன்று. அதனை மூலநிரல் என்கிறோம். நுண்செயலி மட்டுமே ஏற்கத்தக்க எண்களின் வடிவம் மற்றொன்று. முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது தொகுப்பி. நம் நாட்டு உழவர் மொழியில் கூறின், மூலநிரல் விதைநெல். பெட்டிக்குள் இருப்பது வடித்த சோறு. சோறு பசி தீர்க்கும். ஆனால் எவ்வளவு நல்ல சோறாயினும் வயலில் இட்டால் முளைக்காது. பெட்டியை விற்பவர் சோற்றை மட்டும் தந்து விதைநெல்லைத் தம்மிடமே வைத்துக்கொண்டால், அடுத்த வேளைக்கும் அவர் வாயிலிலேயே நாம் நிற்க வேண்டும். அவர் கடையை மூடினால் நம் அடுப்பும் அணையும்.

லினக்ஸைப் பொறுத்தவரை விதைநெல்லைப் பெறும் உரிமை நமக்கு உண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸின் கெர்னலை வெளியிட்டார். இயங்குதளத்தின் கருவாக நின்று மற்ற நிரல்களையெல்லாம் ஆளும் பகுதியே கெர்னல். 1992-இல் அதனைப் பொதுமக்கள் உரிமம் எனப்படும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் அவர் கொணர்ந்தார். அவ்வுரிமத்தின் சாரம் இது: இந்நிரலை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், கருவியில் இட்டு விற்கவும் செய்யலாம். ஆனால் விற்பவர், வாங்கியவர்க்கு மூலநிரலையும், அதனைத் தொகுத்து நிறுவும் கட்டளைக் கோவைகளையும் வழங்கக் கடமைப்பட்டவர்.

இவ்வுரிமம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் லிங்ஸிஸ் நிறுவனம் ஒரு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீல நிற முகப்பும் இரண்டு கொம்புகளைப் போன்ற அலைவாங்கிகளும் கொண்ட அப்பெட்டிக்குள் லினக்ஸ் இயங்குகிறது என்பதையும், மூலநிரல் வழங்கப்படவில்லை என்பதையும் 2003 ஜூன் மாதத்தில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் வெளிப்படுத்தினார். வினாக்கள் எழுந்தன. அவ்வாண்டிலேயே மூலநிரல் வெளிவந்தது. அந்த விதையிலிருந்து 2004-இல் 'ஓபன்டபிள்யூஆர்டி' என்னும் திட்டம் முளைத்தது. 4 மெகாபைட் நிலைநினைவகமும் 16 மெகாபைட் நினைவகமும் மட்டுமே கொண்ட எளிய பெட்டியில், செய்தவர் எண்ணிப்பாராத பணிகளையெல்லாம் பயனாளர்கள் செய்துகாட்டினர். இன்றும் அத்திட்டம் பல நிறுவனங்களின் எண்ணற்ற ரவுட்டர்களுக்குப் புதிய நிரலை வழங்கிவருகிறது.

வானொலிப் பெட்டிக்கே ஒரு சான்று காட்டலாம். லாஜிடெக் நிறுவனம் 'ஸ்குவீஸ்பாக்ஸ்' என்ற பெயரில் இணைய வானொலிக் கருவிகளை விற்றுவந்தது; 2012-இல் அவ்வரிசையைக் கைவிட்டது; 2024-இல் அக்கருவிகளுக்கான இணையச் சேவையையும் நிறுத்தியது. ரெசிவாவுக்கு நேர்ந்த முடிவே இங்கும் நேர்ந்தது எனலாம். ஆனால் விளைவு வேறு. ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளுக்குத் துணைநிற்கும் சேவையக நிரல் முன்னரே ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்திருந்தது. ஆர்வலர்கள் அதனை 'லிரியான்' என்ற பெயரில் தொடர்ந்து பேணிவருகின்றனர். சேவை போனபின்னும் பெட்டிகள் பாடுகின்றன. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின், விதைநெல்லின் அருமை தானே விளங்கும்.

இனி, நம் பாட்டிக்கு வேண்டிய பெட்டியை நாமே செய்ய முனைந்தால் அதன் வழி யாது என்பதைக் காண்போம்.

முதலில் பலகை. எடுத்துக்காட்டாக, 2013-இல் வெளிவந்த 'பீகிள்போன் பிளாக்' என்னும் பலகையைக் கொள்வோம். ஏறத்தாழ ஒரு வங்கி அட்டையின் அளவே உடையது. 512 மெகாபைட் நினைவகமும், கம்பிவழி இணைய இணைப்பும், ஒரு யூஎஸ்பி வாயும் அதில் உள்ளன. ஒலிபெருக்கியை நேராக இணைக்கும் துளை இல்லை ஆதலின், யூஎஸ்பி வாயில் ஓர் ஒலித்துணைக் கருவியைச் செருக வேண்டும்.

இப்பலகைக்கு மின்சாரம் வந்தவுடன் நிகழ்வன படிப்படியானவை. சில்லுக்குள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட ஒரு குறுநிரல் முதலில் விழித்தெழுகிறது. அதற்குப் பெரிய நினைவகத்தை இயக்கத் தெரியாது. சில்லுக்குள்ளேயே நூறு கிலோபைட்டைச் சற்றே கடந்த ஓர் இடத்தைத்தான் அது அறியும். ஆகவே அவ்விடத்தில் அடங்கத்தக்க ஒரு முன்னோடி நிரலை நினைவு அட்டையிலிருந்து அது எடுத்து வைக்கிறது. முன்னோடி, பெரிய நினைவகத்தை இயக்கிவைத்து 'யூ-பூட்' என்னும் தொடக்க நிரலை அழைக்கிறது. இது ஜெர்மானியப் பொறியாளர் வோல்ஃப்காங் டெங்க் தொடங்கி வளர்த்தது. யூ-பூட், லினக்ஸ் கெர்னலை நினைவகத்தில் ஏற்றி ஆட்சியை ஒப்படைக்கிறது. கெர்னல், வேர்க் கோப்புமுறைமையைத் திறந்து முதல் நிரலைத் தொடங்கிவைக்கிறது. அதன்பின்னரே நம் வானொலி நிரலுக்கு இடம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஒரே கெர்னல் பல்வேறு பலகைகளிலும் இயங்குகிறதே. எந்தப் பலகையில் எந்த உறுப்பு எங்கே உள்ளது என்பதை அது எவ்வாறு அறியும்? கிராமத்திற்குப் புதிதாக வரும் அதிகாரி, எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் என்பதை அடங்கலைப் பார்த்து அறிவது போன்றது அது. பலகைக்கும் ஓர் அடங்கல் உண்டு. பொறியாளர் அதனை 'டிவைஸ் ட்ரீ' என்பர். யூ-பூட் அதனையும் கெர்னலுடன் சேர்த்தே கையளிக்கிறது. அடங்கலில் பதியப்படாத உறுப்பு, பலகையில் கண்ணெதிரே இருந்தாலும் கெர்னலுக்கு இல்லாததே.

இத்தனை பகுதிகளையும் ஒருவர் தனித்தனியே தேடித் தொகுப்பதாயின் திங்கள் பல கழியும். அவ்வேலையை ஒழுங்குபடுத்தித் தருவது 'பில்ட்ரூட்' என்னும் கருவித்தொகுதி. 2001-ஆம் ஆண்டளவில் தோன்றி இன்றளவும் பேணப்பட்டு வருவது. பெரிய நிறுவனங்கள் மிகுதியாகக் கையாளும் 'யாக்டோ' 2010-இல் தோன்றியது. வீட்டளவில் கற்போர்க்குப் பில்ட்ரூட்டே எளிது. அது செய்வது என்ன? முதலில் ஒரு தொகுப்பியை உருவாக்குகிறது. நம் மேசைக் கணினியின் நுண்செயலி ஒரு வகை. பலகையின் நுண்செயலி மற்றொரு வகை. ஒன்றில் இருந்துகொண்டு மற்றொன்றுக்கான நிரலை வடிக்கும் தொகுப்பி இங்குத் தேவை. இதனைக் 'குறுக்குத் தொகுப்பி' என்பர். பின்னர், நாம் பட்டியலில் குறித்த ஒவ்வொரு நிரலின் மூலத்தையும் இணையத்திலிருந்து இறக்கி, சரிபார்த்து, தொகுத்து, இறுதியில் நினைவு அட்டையில் அப்படியே எழுதத்தக்க ஒரே கோப்பாகத் தருகிறது.

பட்டியலில் நாம் எவற்றைக் குறிக்க வேண்டும்? அடிப்படை ஏவல்களுக்குப் 'பிஸிபாக்ஸ்'. ஒரே நெகிழ்வட்டில் லினக்ஸை அடக்கும் பொருட்டு 1990-களின் நடுவில் ப்ரூஸ் பெரென்ஸ் தொடங்கிய நிரல் இது. நூற்றுக்கணக்கான ஏவல்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அடுத்து, ஒலியோடையைப் பெற்று இசைக்கும் 'எம்பிடி' என்னும் நிரல். சில நிலையங்களின் ஒலி ஒரே ஓடையாக வாராமல் சிறுசிறு துண்டுகளாக வரும். அவற்றைக் கோத்து ஒலியாக விரிக்க 'எஃப்எஃப்எம்பெக்' வேண்டும். கெர்னலின் பட்டியலில் யூஎஸ்பி ஒலிக்கான இயக்கியைச் சேர்க்க வேண்டும். தேவையற்றவற்றை நீக்கலாம். பின்னர் 'மேக்' என்ற ஒரே ஏவல். முதன்முறை தொகுக்கும்போது கணினியின் ஆற்றலுக்கேற்ப அரைமணி நேரமோ சில மணி நேரமோ ஆகும். வட்டில் பல கிகாபைட் இடமும் பிடிக்கும்.

அட்டையை எழுதிப் பலகையில் செருகி மின்சாரம் தந்தால், பெரும்பாலோர்க்கு முதன்முறை ஒன்றும் நிகழ்வதில்லை. இங்கேதான் பலர் மனந்தளர்ந்து கைவிடுகின்றனர். பலகை வாய்திறந்து பேசுவதற்கு ஒரு வழி உண்டு. அதன் ஓரத்தில் 6 முனைகள் கொண்ட ஒரு வரிசை இருக்கும். அதில் 3.3 வோல்ட் அளவிலான தொடர்வழிக் கம்பியை இணைத்து, வினாடிக்கு 115200 துடிப்பு என்ற வேகத்தில் கேட்டால், தொடக்க நிரல் தன் பணியை வரிவரியாக உரைக்கும். எந்த வரியில் அது நின்றுவிட்டதோ அந்த வரியே நோயின் இடம். 5 வோல்ட் கம்பியை இணைத்தால் சில்லு பழுதுபடும். ஆதலின் கம்பியை வாங்கும்போதே அளவைக் கேட்டறிதல் நன்று.

பலகை இயங்கத் தொடங்கியபின்னும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. எல்லாம் செம்மையாக இருக்கும், இணையமும் கிடைக்கும், ஆனால் நிலையம் மட்டும் வாராது. காரணம், கடிகாரம். மின்சாரம் இல்லாத வேளையிலும் நேரத்தைக் காக்கும் மின்கலம் இப்பலகையில் இல்லை. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பலகைக்குக் காலம் பின்னோக்கிப் போயிருக்கும். 1970-ஆம் ஆண்டு என்றும் அது எண்ணக்கூடும். காப்புடைய இணைய முகவரிகள் தம் அடையாளச் சான்றை நீட்டும். அச்சான்று இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். 1970-இல் இருக்கும் பலகைக்கு அச்சான்று இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே அது கதவை மூடிவிடும். இணையத்தின் நேரச் சேவையிடம் மணி கேட்டுத் திருத்திக்கொண்ட பின்னரே வானொலி நிரலைத் தொடங்குமாறு வரிசைப்படுத்தினால் இவ்விடர் நீங்கும். விலைக்கு வாங்கிய மூடிய பெட்டியில் இத்தகைய குறை நேர்ந்தால், அதன் காரணத்தைக் காண்பதற்கே நமக்கு வழியிராது.

தமிழ் எழுத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். பெட்டியில் ஒரு சிறு திரையைப் பொருத்தி நிலையத்தின் பெயரைத் தமிழில் காட்ட விழைகிறோம் எனக் கொள்வோம். யூனிகோடு முறையில் 'கெ' என்பது முதலில் ககரம், அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. ஆனால் நாம் எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதிலோ ஓர் உயிர்க்குறியே இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இவ்விதியை அறிந்து எழுத்தை ஒழுங்குபடுத்தும் 'ஹார்ஃப்பஸ்' போன்ற நிரலும் தமிழ் எழுத்துருவும் சேர்க்கப்படாவிடில், 'கோயம்புத்தூர்' என்ற பெயர் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து தோன்றும். உலகச் சந்தைக்கென்று பெட்டி செய்யும் நிறுவனத்திற்கு இந்தச் சில மெகாபைட் வீண்செலவாகத் தோன்றலாம். நமக்கு அது வீண்செலவன்று. மூலத்திலிருந்து தொகுப்பவர்க்கு இது பட்டியலில் ஒரு வரி. தொகுக்க இயலாதவர்க்கு இது என்றும் எட்டாத வேண்டுகோள்.

உரிமை வரும்போது பொறுப்பும் உடன் வருகிறது. 2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது கைப்பற்றியது. அவ்வாறு கைப்பற்றிய கருவிகளைப் படையாகத் திரட்டி ஏவியதனால், அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல நெடுநேரம் முடங்கின. நாமே செய்த பெட்டியாயினும், கடவுச்சொல்லின்றி விட்டால் அதுவும் அத்தகைய படையில் ஒரு வீரனாகிவிடும். வெளியிலிருந்து உள்நுழையும் வாயில்களை மூட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் பில்ட்ரூட்டின் புதிய பதிப்பைக் கொண்டு மீண்டும் தொகுக்க வேண்டும். பட்டியல் கோப்பையும், இறக்கிய மூலநிரல்களையும், உழவர் குதிரில் விதை காப்பதுபோல் தனியே சேமித்து வைக்க வேண்டும். இன்று கிடைக்கும் இணைய முகவரி நாளையும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அப்பெட்டியைப் பிறர்க்கு விற்றாலோ வழங்கினாலோ, மூலநிரலையும் உடன்தரும் கடமை இப்பொழுது நம்மைச் சேர்கிறது. உரிமப் பத்திரங்களையும் மூலங்களையும் ஒருங்கே திரட்டித் தரும் ஏவலும் பில்ட்ரூட்டிலேயே உள்ளது.

விதைநெல் கையிலிருந்தும் வயலுக்குப் பூட்டுப் போட்டால் என்ன பயன்? 'டிவோ' என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸில் இயங்கியது, மூலநிரலும் தரப்பட்டது. ஆனால் நிறுவனத்தின் ஒப்பம் இல்லாத நிரலை அக்கருவி ஏற்காது. இதனைக் கருத்திற்கொண்டே 2007-இல் வெளிவந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, இல்லங்களில் பயன்படும் கருவிகளில் மாற்றிய நிரலை நிறுவத் தேவையான விவரங்களையும் வழங்க வேண்டும் என்று விதித்தது. லினக்ஸ் கெர்னலோ இரண்டாம் பதிப்பிலேயே நிலைத்திருக்கிறது. எனவே பூட்டிய கருவிகள் இன்றும் கடைகளில் உள்ளன. ஒப்பம் கேட்கும் முறை தீயவர் நிரலைத் தடுக்கும் என்பதும் உண்மையே. பூட்டு இருப்பது குற்றமன்று. வீட்டுக்காரரிடம் சாவி இல்லாமையே குற்றம்.

மைசூரு வட்டாரத்தில் வாழும் தமிழ் இளைஞர்க்கு இவை தொலைவான செய்திகள் அல்ல. சீகண்டேசுவரர் கோயிலுக்குப் பெயர்பெற்ற நஞ்சன்கூட்டில், ஆஸ்திரிய நாட்டு ஏடி அண்டு எஸ் நிறுவனம் 1999 முதல் சுற்றுப்பலகைகளைச் செய்துவருகிறது. பலகைகளில் உறுப்புகளைப் பொருத்தித் தரும் கேன்ஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் தாயகம் மைசூருவே. இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகத்திற்கு ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து வரும் பட்டதாரிகள் பலர். பலகையும் இங்கே இருக்கிறது. நிரல் எழுதும் கைகளும் இங்கே இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் அடித்தளக் கலையை மட்டும் எவரும் தட்டில் வைத்து நீட்டமாட்டார்.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர், என்கோர் நிறுவனத்தாருடன் கூடி, 2001-இல் 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணினியை உருவாக்கிக் காட்டினர். அதன் உள்ளே இயங்கியது லினக்ஸ். எழுதப் படிக்க அறியாதவர்க்கும் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். சுற்றுப்பலகையின் அமைப்பையே பிறர் பயன்படுத்துமாறு தனி உரிமத்தில் அவர்கள் வெளியிட்டனர். 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் அது சந்தைக்கும் வந்தது. விற்பனையில் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. ஆயினும், பலகையை வடித்து அதில் லினக்ஸை எழுப்பி நிறுத்தும் வல்லமை நம்மவர்க்கு உண்டு என்பதை அது ஐயமற நிறுவியது.

மூலநிரலிலிருந்து தொகுத்தாலும் முழு விடுதலை கிட்டிவிடுகிறதா என்று வினவின், இல்லை என்பதே நேர்மையான விடை. சில்லுக்குள் பொறித்த முதல் குறுநிரல் நம் கைக்கு எட்டாதது. வைஃபை உறுப்புகள் பலவும் மூலம் வெளியிடப்படாத நிரலையே கேட்கின்றன. அந்த எல்லையையும் தாண்ட முயல்வோர் உள்ளனர். சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழுவினர், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த நெறியைத் தழுவி 'சக்தி' என்ற நுண்செயலியை வடிவமைத்தனர். 2018-இல் அது சில்லாகி, அதில் லினக்ஸும் இயங்கியது. அதன் வடிவமைப்பே யாவரும் காணத்தக்க மூலமாக வெளியிடப்பட்டுள்ளது. திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் 'வேகா' என்னும் நுண்செயலி வரிசையை உருவாக்கியுள்ளது. நெல்லுக்கு மட்டுமன்றி நிலத்துக்கும் உரிமை தேடும் முயற்சிகள் இவை.

நேயர்களே, நீங்கள் எல்லோரும் நிரல் தொகுக்கக் கற்க வேண்டும் என்று நான் கூறவில்லை. கடைக்குச் செல்லும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இக்கருவிக்கு எத்தனை ஆண்டுகள் புதிய நிரல் தருவீர்? இதன் மூலநிரல் எங்கே கிடைக்கும்? உங்கள் சேவை நின்றுபோனால் இக்கருவி இயங்குமா? விற்பவர் விடையறியாமல் விழிக்கலாம். ஆயினும் பலர் கேட்கக் கேட்க, விடை கூறியே ஆக வேண்டிய நிலை வரும்.

உங்கள் வீட்டில் பொறியியல் பயிலும் பிள்ளைகள் இருப்பின், மூலையில் உறங்கும் பழைய ரவுட்டரை அவர்கள் கையில் கொடுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி அதனை ஏற்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலில் பழைய நிரலின் படியை எடுத்து வைக்கட்டும். தொடக்க நிரலை மட்டும் தொடாமல் விடட்டும். அது பழுதானால் கருவியை மீட்பது கடினம். ஏனைய பிழைகள் யாவும் திருத்தத்தக்கவை. அவ்வழி தேறியவர்கள் ஒரு பலகையை வாங்கிப் பாட்டிக்கு வானொலி செய்யட்டும். திருகைத் திருப்பியவுடன் தமிழ்க்குரல் எழும். நிலையத்தின் முகவரி நாளை மாறினும், அதனைத் தம் பேரப்பிள்ளையே ஒரு வரியில் திருத்தித் தருவார் என்ற நம்பிக்கையும் அப்பாட்டிக்கு இருக்கும்.